அடைக்கத் தெரிந்த ஜீன்: ரத்தப் புற்றுநோயில் ஈடிவி6 எங்கே தவறுகிறது

‘ஜீன்ல கோளாறு’ என்பது இன்று நம் திருநெல்வேலிப் பக்கம் சர்வசாதாரணமாகப் புழங்கும் பேச்சு. ஆனால் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்ட வீட்டில் அந்தப் பேச்சு செய்கிற சேதம் சாதாரணமானதல்ல. ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு ஜீனின் பெயர் இருக்கும். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் “ஜீன்னா பரம்பரைதானே” என்பார். அன்று சாயங்காலமே, பெண் வீட்டு ரத்தமா மாப்பிள்ளை வீட்டு ரத்தமா என்று விசாரணை தொடங்கிவிடும். சொந்தத்தில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். அதனால் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்து காட்டி அர்த்தம் கேட்பவர்கள் உண்டு. மேலப்பாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார்: “சார், எங்க ரெண்டு பேரு வம்சத்துலயும் இது யாருக்கும் கெடையாது. ஆனா ஜீன்னு எழுதியிருக்காங்க. அப்ப இது என் ஜீனா, அவுக ஜீனா?”

இருவருடையதும் இல்லை என்பதுதான் பதில். அந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டில் இருந்த மாற்றம் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவதில்லை. ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால், அதில் சம்பந்தப்பட்ட ஈடிவி6 என்ற ஜீனின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீன் என்றாலே எதையாவது உண்டாக்குவது, வளர்ப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஈடிவி6 வேறு வகை. மற்ற ஜீன்களை அடைத்து வைப்பதுதான் அதன் பிழைப்பு.

மடையை அடைப்பதும் ஒரு வேலை

பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிறது பாளையங்கால்வாய். அதில் தண்ணீர் ஓடும்போது வழிநெடுக வயல்களுக்கு மடைகள் இருக்கும். பிசானம் என்ற நெல் பருவத்துக்கு நாற்று நட்ட வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அந்த மடை திறந்திருக்கும். கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும் வயலுக்குத் தண்ணீர் ஆகாது, போனால் பயிர் சாய்ந்து நெல் முளைத்துவிடும். அந்த மடையைப் பலகை போட்டு, மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தாக வேண்டும். அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவும் முடியாது. நீர் அரித்துக்கொண்டே இருக்கும். மடை பார்க்கிறவர் வந்து வந்து பார்த்து, கசிகிற இடத்தில் மண் வைக்க வேண்டும்.

நம் உடலின் செல்லுக்குள்ளும் இதே நிலைமைதான். மனித செல்லில் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000 உண்டு. கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரலில் இருக்கும் செல்லிலும் அதே 20,000தான். எவை திறந்திருக்கின்றன, எவை அடைபட்டிருக்கின்றன என்பதில்தான் ஒரு செல் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. திறப்பதற்கு ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது. அடைப்பதற்கும் ஆள் வேண்டும், அவர் இல்லாவிட்டால் வயல் கெடும் என்பதைத்தான் விட்டுவிடுகிறோம்.

படியெடுத்தல் என்றால் என்ன

ஜீன் என்பது டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் ஒரு பகுதி. அந்த இழை 46 துண்டுகளாக, செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23. ஆகவே ஏறக்குறைய எல்லா ஜீனும் ஒரு செல்லுக்குள் இரண்டு பிரதிகளாக இருக்கும். இந்த ‘இரண்டு’ பின்னால் மிகவும் முக்கியமாகும்.

டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. ஒரு ஜீன் வேலை செய்ய வேண்டுமானால் அதைப் பார்த்து ஆர்என்ஏ என்ற தற்காலிகப் படி ஒன்று எடுக்கப்படுகிறது. அந்தப் படி வெளியே போய், அதன்படி புரதம் தயாராகிறது. ஜீனிலிருந்து ஆர்என்ஏ படி எடுப்பதைத்தான் நம் பாடநூல் படியெடுத்தல் என்கிறது. படியெடுத்தல் நடந்தால் ஜீன் திறந்திருக்கிறது, நடக்காவிட்டால் அடைபட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

படியெடுத்தலைத் தடுப்பதற்கென்றே சில புரதங்கள் உண்டு. அவற்றுக்கு அடக்கி என்று பெயர். ‘அடக்கும் ஜீன்’ என்று பேச்சில் சொல்லும்போது நாம் குறிப்பது அடக்கிப் புரதத்தைச் செய்யும் ஜீனை. இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஈ.கோலை பாக்டீரியாவில் பால் சர்க்கரையைச் செரிக்கும் ஜீன்களை ஓர் அடக்கி எப்படி மூடி வைக்கிறது என்பதை பிரான்சின் ழாக் மோனோவும் பிரான்சுவா ஜேக்கப்பும் 1961இல் விளக்கினார்கள். 1965இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர்கள் இருவரும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் லாக் ஓபரான் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடுகிறோம். மனித நோய்கள் பலவற்றில் இந்தப் பாடம்தான் வந்து நிற்கிறது.

ஈடிவி6 எப்படி அடைக்கிறது

ஈடிவி6 ஜீன் இருப்பது 12ஆம் குரோமோசோமின் குட்டைக் கை எனப்படும் சிறிய பகுதியில், நுனிக்குப் பக்கத்தில். 1994இல் அமெரிக்காவில் டாட் கோலப், கேரி கில்லிலாண்ட் குழுவினர் ஒரு வகை ரத்தப் புற்றுநோயை ஆராயும்போது இதைக் கண்டறிந்தார்கள். அப்போது வைத்த பெயர் டெல். இன்றும் பழைய கட்டுரைகளிலும் சில ரிப்போர்ட்டுகளிலும் டெல் என்றே இருக்கும். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

இந்த ஜீன் செய்யும் புரதம் 452 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் இரண்டு முனைகளைக் கவனித்தால் போதும். பின்முனைதான் அதன் கால். டிஎன்ஏவில் ஜி, ஜி, ஏ, ஏ என்று எழுத்துகள் (டிஎன்ஏவைக் கோக்கும் வேதி அலகுகளின் சுருக்கப் பெயர்கள்) வரும் இடத்தை அடையாளம் கண்டு அங்கே போய் ஊன்றிக்கொள்வது அது. முன்முனைதான் கை. பல ஈடிவி6 புரதங்கள் ஒன்றையொன்று அந்தக் கையால் பற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும்.

நின்றால் மட்டும் அடைபட்டுவிடுமா? இல்லை. டிஎன்ஏ இழை வெறுமனே கிடப்பதில்லை, ஹிஸ்டோன் என்ற உருண்டைப் புரதங்களைச் சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது. அந்த ஹிஸ்டோன்களில் அசிட்டைல் என்ற சின்ன வேதிக் குறி ஒட்டியிருந்தால் சுற்று தளர்ந்திருக்கும், படியெடுக்கும் இயந்திரம் உள்ளே வரலாம். குறியைக் கழற்றிவிட்டால் சுற்று இறுகிவிடும், வர முடியாது. ஈடிவி6 ஓரிடத்தில் ஊன்றி நின்றதும் உதவிக்கு வேறு சில புரதங்களைக் கூப்பிடுகிறது. துணை அடக்கிகள் என்று அவற்றுக்குப் பெயர். அவை, அசிட்டைல் குறியைக் கழற்றும் நொதியைக் கையோடு அழைத்து வருகின்றன. குறி போகிறது, சுற்று இறுகுகிறது, ஜீன் அடைபடுகிறது. மடை பார்க்கிறவர் தானே மண் சுமப்பதில்லை. எந்த மடை என்று காட்டி நிற்பது அவர் வேலை, பலகையும் மண்ணும் கொண்டுவர ஆட்கள் வேறு.

எலும்பு மஜ்ஜையில் இந்த வேலைக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நம் மஜ்ஜை ஒரு நாளைக்குச் செய்யும் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 20,000 கோடி. வெள்ளணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அது போக. இத்தனையும் ரத்தத் தாய்செல்கள் என்ற சிறு கூட்டத்திலிருந்து வருகின்றன. தாய்செல் முதலில் பல்கிப் பெருகும், அப்புறம் படிப்படியாக முதிர்ந்து குறிப்பிட்ட ஒரு வகை அணுவாக மாறும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படிக்கான ஜீன்களை அடைத்தாக வேண்டும். அடைக்காவிட்டால் செல் முதிராது, பெருகிக்கொண்டே இருக்கும். ஈடிவி6 இரண்டு பிரதியும் இல்லாத எலிக் கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது. வளர்ந்த எலியின் மஜ்ஜையில் அந்த ஜீனை நீக்கினால் ரத்தத் தாய்செல்கள் நிலைப்பதில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எல்லா செல்லிலும் எல்லா ஜீனும் உண்டு. அவற்றில் பலவற்றை அடைத்து வைக்க வேண்டும். அடைக்கும் புரதங்களில் ஒன்று ஈடிவி6. அதற்கு இடம் தேடி ஊன்ற ஒரு கால், அடைக்கும் ஆட்களைச் சேர்க்க ஒரு கை. இந்தக் கையும் காலும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்தது.

இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது, நிணநீர் வழி வெள்ளணுக்களின் முதிராத செல்கள் பெருகும் ஏ.எல்.எல். என்ற தீவிர ரத்தப் புற்றுநோய். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் வருவதே அதிகம். ‘வெள்ளணு கூடிவிட்டது’ என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். கூடியிருப்பவை வேலைக்கு உதவாத, முதிராத செல்கள். அவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் நல்ல வெள்ளணு, சிவப்பணு, தட்டணு எல்லாமே குறையும். அதனால்தான் காய்ச்சல், சோகை, காரணமில்லாமல் கன்றிப்போன தடிப்புகள். சில குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் வெள்ளணு எண்ணிக்கை குறைவாகக்கூட இருக்கும்.

மேலை நாடுகளில் இந்த நோய் வரும் குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் அல்லது ஐவரில் ஒருவருக்கு ஒரே மாற்றம் காணப்படுகிறது. இந்தியாவில் வெளியான ஆய்வுகளில் இந்த விகிதம் குறைவு. 12ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் ஒரு செல்லுக்குள் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. 12இல் உடையும் இடம் சரியாக ஈடிவி6 ஜீனின் நடுவில். 21இல் உடையும் இடம் ரன்எக்ஸ்1 என்ற ஜீனுக்குள். விளைவு, ஈடிவி6இன் முன்பாதியும் ரன்எக்ஸ்1இன் பெரும்பகுதியும் சேர்ந்த ஒட்டு ஜீன். 1995இல் இது கண்டறியப்பட்டது.

ரன்எக்ஸ்1 யார்? பெரும்பாலும் திறக்கிறவர். ரத்த அணுக்கள் முதிர்வதற்குத் தேவையான ஜீன்களைத் தேடிப் போய்ப் படியெடுக்க வைப்பது அது. இப்போது ஒட்டுப் புரதத்தைப் பாருங்கள். கால் ரன்எக்ஸ்1உடையது, ஆகவே திறக்க வேண்டிய மடைக்குத்தான் போய் நிற்கும். கை ஈடிவி6உடையது, ஆகவே போய் நின்ற இடத்தில் அடைக்கும் ஆட்களைக் கூப்பிடும். நாற்று நட்ட வயலின் மடையைப் பலகை போட்டு அடைத்தாகிவிட்டது. பி செல் என்ற ஒரு வகை வெள்ளணுவாக முதிர வேண்டிய செல், முதிர்வதற்கான ஜீன்கள் திறக்காமல் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பாதிக் கதைதான் முடிந்திருக்கிறது. ஈடிவி6இன் இரண்டு பிரதிகளில் ஒன்று உடைந்து வீணாகிவிட்டது. மீதம் ஒன்றுதான். நோய் வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் புற்று செல்களில் அந்த இரண்டாவது பிரதியும் அழிந்திருக்கிறது. அப்போது ஈடிவி6 அடைக்க வேண்டிய மடைகளைப் பார்க்க ஆளே இல்லை.

ஆளில்லாத மடையில் என்ன நடக்கிறது என்பது அண்மையில்தான் தெளிவானது. நம் டிஎன்ஏவில் ஜிஜிஏஏ, ஜிஜிஏஏ என்று அதே நான்கெழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல உண்டு. வழக்கமாக ஈடிவி6 அவற்றின்மேல் அமர்ந்து அமைதியாக வைத்திருக்கும். ஈடிவி6 இல்லாத செல்லில் ஈ.ஆர்.ஜி. என்ற வேறொரு புரதம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து, பக்கத்திலுள்ள ஜீன்களைத் திறந்துவிடுகிறது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டும் ஒரே புரதக் குடும்பம், ஒரே நான்கெழுத்தை அடையாளம் காண்பவை. ஒன்று அடைக்கும், மற்றது திறக்கும். அந்த இடத்துக்கு எப்போதும் போட்டி இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அடைத்து வைப்பது ஓயாத வேலை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, ஒரே செல்லில் இரண்டு தவறு: திறக்க வேண்டியது அடைபட்டது, அடைக்க வேண்டியது திறந்துகொண்டது.

எப்போது நடக்கிறது, யாரால் நடக்கிறது

இந்தத் துண்டு மாற்றம் பெரும்பாலும் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. இதைக் கேட்டதும் ‘அப்போ தாய் ஏதோ செய்துவிட்டாள்’ என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. இது தாயின் செல்லில் நடந்ததல்ல, குழந்தையின் செல்லில், அதுவும் கோடானுகோடி ரத்த செல்களில் ஏதோ ஒன்றில், டிஎன்ஏ உடைந்து ஒட்டும்போது நடந்த பிழை. குழந்தையின் மற்ற செல்களில் இது இருக்காது. தாய் தகப்பன் செல்களில் இருக்காது. கிரகணத்தில் வெளியே போனது, பப்பாளி சாப்பிட்டது, சொந்தத்தில் கட்டியது, எதுவும் இதற்குக் காரணம் இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வேறு சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அது பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை ஒளிந்திருந்து குழந்தையிடம் சேர்வதால் வருவது. 12, 21 துண்டு மாற்றம் அந்த வழியில் வருவதில்லை.

கருவிலேயே நடந்தது என்று எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் மெல் கிரீவ்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இரண்டு வழியில் நிரூபித்தார்கள். அங்கே பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஊறவைத்து, வேறு பரிசோதனைக்காக எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. சில வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பழைய அட்டைகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, பலவற்றில் அதே ஒட்டு ஜீன் இருந்தது.

இன்னொரு வழி, ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்ட இரட்டையர்கள். இருவருக்கும் நோய் வந்த சில ஜோடிகளில் ஜீன் உடைந்த இடம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. தனித்தனியாக நடந்தால் அப்படிப் பொருந்தாது. ஒருவர் உடம்பில் உண்டான ஒரு செல், நச்சுக்கொடி ரத்தம் வழியே மற்றவர் உடம்புக்கும் போயிருக்கிறது. அப்படி ஒரு ஜோடியில் ஒருவருக்கு 5 வயதில் நோய் வந்தது, மற்றவருக்கு 14 வயதில்.

அந்த ஒன்பது வருட இடைவெளியைக் கவனியுங்கள். ஒட்டு ஜீன் மட்டுமே நோய்க்குப் போதுமென்றால் இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். போதாது. இந்த ஒட்டு ஜீனோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி, அப்படிப் பிறப்பவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் வருகிறது. நோயாக மாற இரண்டாவது அடி விழ வேண்டும். ஈடிவி6இன் மீதமிருந்த பிரதி அழிவது அப்படி ஓர் அடி. எதிர்ப்புப் புரதங்களை விதவிதமாகச் செய்வதற்காக பி செல்கள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே வெட்டி ஒட்டும் ஒரு நொதியை வைத்திருக்கின்றன. அந்த நொதி தவறான இடத்தில் வெட்டுவதால் இந்த அழிவுகளில் பல நடக்கின்றன என்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. தொற்றுக் கிருமிகளுக்கு உடல் காட்டும் அளவு மீறிய எதிர்வினை இதைத் தூண்டலாம் என்பது கிரீவ்ஸின் கருத்து. அது இன்னும் கருதுகோள்தான். குழந்தையை மண்ணில் விளையாட விட்டதாலோ விடாததாலோ வந்தது என்று யாரையும் குற்றம் சொல்ல அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுருக்கம்: முதல் பிழை கருவில், ஒற்றை செல்லில். இரண்டாவது பிழை பிறந்த பிறகு. இரண்டுமே குழந்தையின் ரத்த செல்லுக்குள் நடந்தவை, பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல.

ரிப்போர்ட்டில் பச்சையும் சிவப்பும்

குரோமோசோம் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்து, பிறகு இன்னொரு பரிசோதனையில் மாற்றம் இருக்கிறது என்று வந்தால் வீட்டில் குழப்பம் வரும். முதல் லேப் தப்பாகப் பார்த்துவிட்டது என்பார்கள். இந்த மாற்றத்தைப் பொறுத்தவரை அது இயல்பானதுதான். குரோமோசோம்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது தெரியும் பட்டைகளை வைத்துத்தான் எது எங்கே என்று சொல்கிறார்கள். 12உம் 21உம் மாற்றிக்கொள்ளும் துண்டுகள் சிறியவை, அவற்றின் பட்டைகளும் ஒன்றுபோலவே இருப்பவை. மாற்றிக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் ஃபிஷ் என்ற பரிசோதனை. மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒளிரும் சாயம் கட்டிய சிறு டிஎன்ஏ துண்டுகளை செல்லுக்குள் அனுப்புவார்கள். ஈடிவி6 இருக்கும் இடத்தில் பச்சைப் புள்ளி ஒளிரும், ரன்எக்ஸ்1 இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி. நல்ல செல்லில் இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு, தனித்தனியாக. ஒட்டு ஜீன் உள்ள செல்லில் ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரியும். அப்புறம் மீதமுள்ள பச்சையைத் தேடுவார்கள். அது இருந்தால் ஈடிவி6இன் இரண்டாவது பிரதி இருக்கிறது. மஞ்சள் மட்டும் இருந்து தனிப் பச்சை எங்கும் இல்லையென்றால் அதுவும் போய்விட்டது. மேலே பத்தி பத்தியாக நான் எழுதிய இரண்டு பிழைகளும் ஒற்றைச் செல்லில், நான்கைந்து புள்ளிகளில் தெரிந்துவிடும். எத்தனை செல்களை எண்ணினார்கள், எத்தனையில் மஞ்சள் இருந்தது என்ற விகிதமும் ரிப்போர்ட்டில் இருக்கும்.

இதில் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் ஒரு ஜீன் மாற்றம் கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் நோய் கூடுதல் மோசம் என்று பொருளல்ல. ஏ.எல்.எல். வகைகளில் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவற்றில் ஈடிவி6–ரன்எக்ஸ்1 ஒன்று. முழுச் சிகிச்சை தடையின்றி கிடைக்கும் நாடுகளில் இந்த வகைக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள்.

‘தடையின்றி’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நீளும். முதல் மாதத்திலேயே புற்று செல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும், குழந்தை ஓடியாடும். அப்போது நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவு, வேலையிழப்பு, வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகள் என்று காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் மிச்சமிருக்கும் செல்களுக்கு அந்த நியாயம் தெரியாது. பணம் தடையென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றியும், பக்கத்து ஊரிலேயே எந்தெந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ள முடியும் என்பது பற்றியும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அந்தச் சிகிச்சையில் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு உருவாக்கிய மருந்துக் குடும்பம் அது. அதே குடும்பத்து அமினோப்டெரினைக் கொடுத்துத்தான் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிவதை 1948இல் முதன்முதலாகக் காட்டினார். சுப்பாராவ் இறந்ததும் அதே வருடம்.

அடைத்த மடையைத் திறக்கும் மருந்து

அடக்கியால் வரும் நோய் என்றால், அடக்கியை விலக்கிக் குணப்படுத்த முடியாதா என்று கேட்கலாம். ஈடிவி6 விஷயத்தில் அப்படி நேரடியாக வேலை செய்யும் மருந்து வழக்கமான சிகிச்சையில் இன்னும் இல்லை. ஆனால் ஏ.பி.எல். என்ற வேறொரு ரத்தப் புற்றுநோயில் அது நடந்தே விட்டது.

அங்கே 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. உண்டாகும் ஒட்டுப் புரதம், முதிர்வதற்கான ஜீன்களில் போய் நின்று, மேலே பார்த்த அதே துணை அடக்கிகளைக் கூப்பிட்டு அடைத்துவிடுகிறது. ஷாங்காயில் வாங் சென்யி என்ற மருத்துவர் 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த அட்ரா என்ற மருந்தைக் கொடுத்தார். அந்த மருந்து ஒட்டுப் புரதத்தில் போய் ஒட்டியதும் துணை அடக்கிகள் கைவிட்டு விலகுகின்றன, ஜீன்கள் திறக்கின்றன, முதிராமல் நின்ற செல்கள் முதிரத் தொடங்குகின்றன. புற்று செல்லைக் கொல்வதற்குப் பதில் அதை வளர்ந்து முடிக்க வைக்கிறது. பிறகு ஆர்சனிக் டிரையாக்சைடும் சேர்ந்தது, அது ஒட்டுப் புரதத்தையே சிதைத்துவிடும். ஒரு காலத்தில் ரத்தக்கசிவால் நாட்கணக்கில் உயிரைப் பறித்த நோய், இன்று சரியான நேரத்தில் சிகிச்சை தொடங்கினால் மிகப் பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ மாத்திரையையோ பாஷாண மருந்தையோ ரத்தப் புற்றுநோய்க்கு என்று யாரும் தாங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு வகையில், அந்த ஒரு ஒட்டுப் புரதத்துக்கு, ஆஸ்பத்திரியில் அளவு பார்த்து, தினம் ரத்தம் பார்த்துக் கொடுப்பது அது. மற்ற வகைகளில் பயன் தராது, நஞ்சாகும்.

பரம்பரையாக வருவதே இல்லையா

வருவது உண்டு, ஆனால் அபூர்வம். ஈடிவி6இல் பிறவியிலேயே, உடம்பின் எல்லா செல்லிலும் ஓர் எழுத்துப் பிழையோடு இருக்கும் குடும்பங்கள் சில 2015இல் அறியப்பட்டன. அங்கே பிழை பெரும்பாலும் புரதத்தின் காலில் இருக்கிறது, அதனால் அது டிஎன்ஏவில் ஊன்ற முடிவதில்லை. இந்தக் குடும்பங்களை இனங்காண ஓர் அடையாளம் உண்டு. பாட்டி, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகத் தட்டணு எண்ணிக்கை கொஞ்சம் குறைவாக இருக்கும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, லேசாக இடித்தாலே கன்றிப்போகும். அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வரும், எல்லோருக்கும் அல்ல. ரன்எக்ஸ்1இல் பிறவிப் பிழை உள்ள குடும்பங்களும் இதுபோலவே உண்டு.

ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இது புற்று செல்லில் மட்டும் இருக்கிற மாற்றமா, பிறவியிலேயே எல்லா செல்லிலும் இருக்கிறதா?” ஈடிவி6–ரன்எக்ஸ்1 ஒட்டு என்று எழுதியிருந்தால் முதல் வகை. அதற்காக அண்ணன் தம்பிகளுக்கோ பிறக்கப்போகும் பிள்ளைக்கோ தனியாக ஜீன் பரிசோதனை எதுவும் தேவையில்லை. குடும்பத்தில் பலருக்குத் தட்டணு குறைவு என்ற பேச்சு இருந்தால் மட்டும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னாளில் மஜ்ஜை மாற்றம் தேவைப்பட்டு, உடன்பிறந்தவரிடமிருந்து எடுக்கும் நிலை வந்தால், அவருக்கும் அதே பிறவிப் பிழை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.